டியர்போர்னில் வாக்களித்தவர்கள் முட்டாள்களா? அரபு, முஸ்லிம் குடியேறிகளும் அமெரிக்கத் தேர்தலும்

ரூஜ் ஆற்றங்கரை (டியர்போர்ன், மிச்சிகன்) எழுதியது:

சென்ற வாரம் எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "டியர்போர்ன் அரபிகள் 2024இல் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இப்போது யாரைக் குறை சொல்லி என்ன பயன்?" குழுவில் இருந்த எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நான் அந்த ஊரில்தான் இருக்கிறேன். என் தெருவில் பத்தில் ஏழு வீடுகள் லெபனான், ஏமன், இராக்கிலிருந்து வந்தவர்களுடையவை. அவர்கள் செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் "முட்டாள்கள்" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். இது ஃபோர்டு ஊர். 1914இல் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்த காலம் முதலே மலைக்கிராமத்து லெபனானியர்களும் ஏமனியர்களும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறார்கள். இன்று சுமார் 1,10,000 பேர் வாழும் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2020இல் பைடனுக்கு இங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வாக்குகள் கிடைத்தன. இடையில் காசா போரில் பைடன் அரசு இஸ்ரேலுக்குத் துணை நின்றது. 2024 நவம்பரில் டிரம்புக்குச் சுமார் 42 விழுக்காடு, ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. எல்லோரும் 42ஐப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்த 18ஐப் பார்க்கிறேன். அவர் வெல்லப் போவதில்லை என்று தெரிந்தே வாக்களித்தவர்கள் அவர்கள்.

அடுத்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். தெற்கு லெபனானில் பின்த் ஜுபைல் அவர் ஊர். தேர்தல் நாளன்று பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த வாக்குச்சாவடிக்கு என் காரில்தான் அவரை அழைத்துப் போனேன். மிச்சிகன் வாக்குச்சீட்டு ஒரு நீளமான காகிதம். இரண்டு பக்கமும் சிறு நீள்வட்டங்கள். அவற்றைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கும் மேல் அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது, நான் கேட்காமலே சொன்னார்: "நீதிபதிகள், பள்ளி வாரியம், பல்கலைக்கழக வாரியம் எல்லாம் போட்டுவிட்டேன் மகனே. முதல் இடத்தில் மட்டும் பேனாவை வைத்தேன், கை நகரவில்லை." செப்டம்பர் கடைசியில் தொடங்கிய இஸ்ரேலின் குண்டுவீச்சில் அவருடைய தங்கையின் வீடு தரைமட்டமாகியிருந்தது. தங்கை உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே நான்கு நாட்கள் ஆயின.

அந்த வெற்று வட்டத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

வைகை மைந்தன் (டாலஸ்) எழுதியது:

அந்த அம்மாவின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேர்தல் துக்க வீடு அல்ல. யாரோ ஒருவர் ஜெயித்தே தீருவார். வெற்று வட்டமும் ஒரு வாக்குத்தான்.

2015 டிசம்பர் 7 அன்று, முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முழுமையாக நிறுத்த வேண்டும் என்று டிரம்ப் அறிக்கை விட்டார். 2017 ஜனவரி 27 அன்று ஏழு நாட்டவருக்குத் தடை போட்டார். பட்டியலில் ஏமன் இருந்தது. மறுநாள் விமான நிலையங்களில் கிழவிகளையும் குழந்தைகளையும் தடுத்து வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். உச்ச நீதிமன்றம் 2018இல் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தடையின் திருத்திய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. பைடன் பதவியேற்ற அன்றே அதை நீக்கினார். 2025 ஜூனில் மறுபடியும் தடை: பன்னிரண்டு நாடுகளுக்கு முழுதாக, ஏழு நாடுகளுக்குப் பகுதியாக. ஏமன் மறுபடியும் பட்டியலில். இதெல்லாம் தெரிந்தும் அவருக்கு ஒருவர் வாக்களித்தால், அல்லது அவர் வெல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

---

காயல் கடற்கரை (நியூஜெர்சி) எழுதியது:

வைகை தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் கதையை நீங்கள் 2015இல் தொடங்குகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது 2000இல் தொடங்குகிறது.

நான் 1996இல் வந்தேன். அப்போது பள்ளிவாசல்களில் நடந்த விவாதமே வேறு: இந்த நாட்டில் வாக்களிப்பது கூடுமா, ஹராமா என்பது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் ஒரு மூலையில் வாக்காளர் பதிவு மேசை போட்டிருப்பார்கள். அடுத்த மூலையில் ஒருவர் நின்று, மனிதன் எழுதிய சட்டத்துக்குத் துணை போகாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருப்பார். "இரண்டு தீங்குகளில் சிறியதைத் தேர்ந்துகொள்" என்ற பழைய ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) விதியைச் சொல்லித்தான் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் மக்களை மேசைப் பக்கம் அழைத்துவந்தார்கள்.

2000 தேர்தலில் ஜார்ஜ் புஷ் இரண்டாவது விவாத மேடையில், அரபு அமெரிக்கர்கள் மீது இரகசிய சாட்சியம் பயன்படுத்தப்படுவது தவறு என்று பேசினார். கிளின்டன் 1996இல் கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவருக்கே காட்டாத ஆவணங்களை வைத்து ஆட்களை நாடு கடத்த முயன்ற காலம் அது. கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் மேடையில் ஒரு வேட்பாளர் எங்கள் பிரச்சினையைப் பெயர் சொல்லிப் பேசியது அதுதான் முதல் முறை. எங்கள் பள்ளிவாசல் கூடத்தில் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று அவரை ஆதரித்து அறிக்கை விட்டது. ஃப்ளோரிடாவில் அவர் வென்றது 537 வாக்குகளில். "அது நம் வாக்கு" என்று எத்தனை பேர் பெருமையோடு சொன்னார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல் வந்தது. பிறகு 2002இல் சிறப்புப் பதிவுத் திட்டம். இருபத்தைந்து நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் வந்திருந்த, பதினாறு வயது நிரம்பிய ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை பதிய வேண்டும். வட கொரியாவைத் தவிர மற்ற எல்லாமே முஸ்லிம்களோ அரபுகளோ மிகுந்த நாடுகள். இந்தியா பட்டியலில் இல்லை, ஆகவே நான் தப்பினேன். என் அறைத்தோழர் பாகிஸ்தானியர். விடியற்காலை நான்கு மணிக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, பள்ளிச் சான்றிதழிலிருந்து வாடகை ரசீது வரை ஒரு நீலக் கோப்பில் அடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போனார். சட்டத்தை மதிக்கிறவன் ஏன் பயப்பட வேண்டும் என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். அவருடைய விசா நீட்டிப்பு விண்ணப்பம் பல மாதங்களாகக் கிடப்பில் கிடந்தது. அதையே காரணம் காட்டி நாடு கடத்தும் நோட்டீஸ் கொடுத்தார்கள். தானாகப் போய்ப் பதிந்தவர்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோட்டீஸ் வந்தது. ப்ரூக்ளினில் கோனி ஐலண்ட் அவென்யூவில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின; குடும்பம் குடும்பமாகக் கனடா எல்லைக்குப் போனார்கள்.

இரண்டு கட்சிகளுமே ஒரு கையால் அழைத்து மறுகையால் தள்ளியதைப் பார்த்த தலைமுறை இது. 2024இல் ஒருவர் "இவன் மோசமானவன், அவன் கொஞ்சம் பரவாயில்லை" என்ற கணக்கைப் போட மறுத்தால், அந்தக் கணக்கை இருபது ஆண்டுகள் போட்டுப் பார்த்துவிட்டு மறுக்கிறார் என்று பொருள்.

---

பழைய வாசகன் (சென்னை) எழுதியது:

காயல் ஐயா சொன்னதை இன்னும் பின்னால் கொண்டுபோகலாம். அந்தக் காலத்தில் குடியுரிமை பெற வேண்டுமானால் ஒருவர் "வெள்ளையர்" என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். 1915இல் ஒரு சிரியக் கிறிஸ்தவரின் வழக்கில் சிரியர்கள் வெள்ளையரே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1942இல் டெட்ராய்ட்டில் ஏமனியர் ஒருவர் குடியுரிமை கேட்டபோது, அவர் நிறத்தையும் இஸ்லாமியப் பண்பாட்டையும் காரணம் காட்டி நீதிபதி மறுத்தார். இரண்டே ஆண்டுகளில் மாசச்சூசெட்ஸில் ஓர் அரபு முஸ்லிமுக்கு அதே குடியுரிமை கிடைத்தது. எந்த ஊர் நீதிபதி என்பதைப் பொறுத்து ஒருவர் இனமே மாறியது!

அதன் பிறகு அரசுக் கணக்கெடுப்பில் அரபுகள் "வெள்ளையர்" கட்டத்திலேயே கிடந்தார்கள். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கர் என்று தனிக் கட்டம் சேர்க்கும் முடிவு 2024 மார்ச்சில்தான் வந்தது. விமான நிலையத்தில் தனியாகப் பிரித்து நிறுத்தப்படுகிறவன் கணக்கெடுப்பில் மட்டும் தனியாகத் தெரியமாட்டான் என்றால், அரசு தன்னை எப்படிப் பார்க்கிறது என்று அவன் என்ன முடிவுக்கு வருவான்?

கட்சிகள் விஷயத்திலும் அப்படித்தான். 1984இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மான்டேலின் தரப்பு, அரபு அமெரிக்கர்கள் கொடுத்த நன்கொடையைத் திருப்பி அனுப்பியது. காசு வேண்டும் என்றாவது நினைத்திருக்கலாம். அந்தப் பெயர்களே வேண்டாம் என்று நினைத்தார்கள். மறு ஆண்டு டியர்போர்ன் மேயர் தேர்தலில் ஒரு வேட்பாளர் வீடு வீடாக அனுப்பிய துண்டறிக்கையில் "அரபுப் பிரச்சினை" என்று தலைப்பிட்டே எழுதியிருந்தார். அவர் வென்றார், 2006இல் இறக்கும் வரை மேயராக இருந்தார். அதே நாற்காலியில் 2022 ஜனவரி முதல் லெபனான் குடியேறிகளின் மகன் அப்துல்லா ஹம்மூத் உட்கார்ந்திருக்கிறார். துண்டறிக்கையைப் படித்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் அவரை அங்கே உட்காரவைத்தார்கள்.

---

நிலாமதி (வடக்கு வர்ஜீனியா) எழுதியது:

எல்லோரும் நல்ல செய்திகளைச் சொல்கிறீர்கள். ஆனால் "அரபு முஸ்லிம்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது பாதி உண்மை நழுவிவிடுகிறது. நான் தமிழ் முஸ்லிம் பெண். இங்கே மூன்று தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியாளராக இருந்திருக்கிறேன்.

டெட்ராய்ட்டைச் சுற்றி வாழும் இராக்கியர்களில் பெரும்பகுதி கல்தேயக் கிறிஸ்தவர்கள். அவர்களில் பலர் 2016இல் டிரம்பை நம்பி வாக்களித்தார்கள். 2017 ஜூனில் குடியேற்ற அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடுகளுக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துப் போனார்கள், பெரும்பாலோர் கல்தேயர்கள். இன்னொரு பக்கம், அமெரிக்க முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். காயல் காக்கா பெருமையோடு சொன்ன 2000ஆம் ஆண்டு ஆதரவு அறிக்கையை அவர்களில் பலர் ஏற்கவே இல்லை. "எங்கள் பாட்டன் அடி வாங்கிப் பெற்ற வாக்குரிமையை நேற்று வந்தவர்கள் எங்களைக் கேட்காமல் பேரம் பேசுகிறார்கள்" என்று எங்கள் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் இன்றும் சொல்வார். அந்தக் கோபம் நியாயமானது.

காசா ஒன்றே காரணம் என்பதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. 2022இல் டியர்போர்ன் பள்ளி வாரியக் கூட்டத்தில் தன்பாலினத்தவரைப் பற்றிய நூலகப் புத்தகங்களை எதிர்த்துப் பெற்றோர் திரண்டார்கள். மேரிலாந்தில் மான்ட்கோமரி மாவட்டத்தில் முஸ்லிம் பெற்றோர் கிறிஸ்தவப் பெற்றோரோடு சேர்ந்து, அதே வகைப் புத்தகங்களைப் படிக்கும் வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ளும் உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025இல் வென்றார்கள். போலந்துக்காரர்கள் ஊராக இருந்து இப்போது ஏமனியரும் வங்காளிகளும் நிறைந்திருக்கும், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில், முழுவதும் முஸ்லிம்களைக் கொண்ட நகரமன்றம் 2023இல் பொதுக் கம்பங்களில் பாலினச் சிறுபான்மையினரின் வானவில் கொடி ஏற்றத் தடை போட்டது. அந்த ஊரின் அப்போதைய ஏமனிய மேயர் ஆமிர் காலிப் 2024 செப்டம்பரில் டிரம்பை ஆதரித்தார். மறு ஆண்டு குவைத்துக்கான தூதர் பதவிக்கு டிரம்ப் அவர் பெயரை முன்மொழிந்தார். இந்த நெருக்கம் குண்டுவீச்சுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் தங்களிடமிருந்து பறிக்கிறது என்ற பயம் குடியேறிய பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மதச் சிறுபான்மையாக இருந்துகொண்டு இன்னொரு சிறுபான்மையின் கொடியை இறக்கும் நாளில், நாளை நமக்கு யார் துணை நிற்பார்கள் என்ற கேள்வி எனக்கு எழுகிறது. இதை வீட்டில் சொன்னால் என் மாமனார் எழுந்து போய்விடுவார். என் மகள் என் பக்கம். ஒரே வீட்டுக்குள் மூன்று கட்சி.

---

வைகை மைந்தன் எழுதியது:

காயல் அண்ணன் சொன்ன பதிவுத் திட்டத்தைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. நேற்று உட்கார்ந்து படித்தேன். பதின்மூன்றாயிரம் பேர் என்பது சிறிய எண் அல்ல. "தலையில் மண்" என்று நானும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தண்டிக்க நினைத்தது ஒரு கட்சியை. தண்டனை யார் மேல் விழுந்தது? மனைவியின் விசாவுக்காகக் காத்திருக்கும் ஏமனியத் தொழிலாளி மேல். கோபத்தைக் காட்ட வேறு வழியே இருக்கவில்லையா?

---

ரூஜ் ஆற்றங்கரை எழுதியது:

இருந்தது, வைகை. அதைத்தான் முதலில் செய்தார்கள். இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

2024 ஜனவரியில் பைடனின் பிரசாரக் குழு மேயர் ஹம்மூத்தைச் சந்திக்க வந்தது. மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது தேர்தல் பேச முடியாது, கொள்கை வகுப்பவர்களை அனுப்புங்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதம் வெள்ளை மாளிகை அதிகாரிகள் வந்தார்கள். பிப்ரவரி 27 அன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல். மிச்சிகனில் முதல்நிலைச் சீட்டில் "எவருக்கும் உறுதியளிக்கவில்லை" என்றே ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். அதை நிரப்புங்கள் என்று இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள். என் வீட்டுக் கதவைத் தட்டிய பெண் பல்கலைக்கழக மாணவி; கையுறையைக் கழற்றி, மாதிரிச் சீட்டில் அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினாள். "நவம்பரில் நாங்கள் உங்களோடுதான் இருக்க விரும்புகிறோம், அதற்கு முன் குண்டுகளை நிறுத்துங்கள் என்று சொல்கிறோம், அங்கிள்" என்றாள். பத்தாயிரம் வாக்குகள் கிடைத்தால் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2016இல் டிரம்ப் இந்த மாநிலத்தில் வென்றது ஏறக்குறைய அவ்வளவு வித்தியாசத்தில்தான். ஒரு இலட்சத்துக்கும் மேல் விழுந்தன. டியர்போர்னில் அந்த வட்டமே பைடனை வென்றது.

எட்டு மாதங்களுக்கு முன்பே, கட்சிக்கு உள்ளேயே, எண்களில் எழுதிக் கொடுத்த கடிதம் அது. ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்குச் சில நிமிடங்கள் மேடை கேட்டார்கள். கொடுக்கவில்லை. பிரதிநிதிகள் வெளியே தரையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் 1 அன்று டிரம்ப் டியர்போர்னில் ஒரு உணவகத்துக்கு வந்தார். அவர் சம்பந்தியான லெபனானியர் மசாத் பூலோஸ் மாதக்கணக்கில் இங்கே வீட்டுக்கூடங்களில் காபி குடித்துப் பேசிக்கொண்டிருந்தார். போரை நிறுத்துவேன் என்றார்கள். நம்பியவர்கள் உண்டு. நம்பாமலே வாக்களித்தவர்களும் உண்டு. "பொய் சொல்லவாவது இவன் என் ஊருக்கு வந்தானே" என்று ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பிரிவில் வேலை செய்யும் இராக்கியர் 2002 அக்டோபரில் பாக்தாத்தில் வாக்களித்தவர். சதாமுக்கு நூற்றுக்கு நூறு. 1,14,45,638 பேரில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை என்று அறிவித்த அந்தத் தேர்தல். 2003 ஏப்ரலில் சதாம் வீழ்ந்தபோது டியர்போர்ன் தெருக்களில் இந்த இராக்கியரின் இனத்தார் ஆடிப் பாடினார்கள். அதே தெருவில் லெபனானியர்கள் போரைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இராக்கியர் இங்கே குடியுரிமை பெற்ற பிறகு எந்தத் தேர்தலையும் விட்டதில்லை. 2024இல் யாருக்குப் போட்டார் என்று கேட்டேன். சொல்லவில்லை. "சொல்லாமல் இருக்க முடிகிற நாட்டுக்கு வந்து சேர எனக்கு நாற்பத்தொரு வயது ஆயிற்று" என்றார்.

---

காயல் கடற்கரை எழுதியது:

நிலாமதி லாத்தா சொன்ன கறுப்பினப் பெரியவரின் கோபத்தை நான் தலைவணங்கி ஏற்கிறேன். 2000இல் நாங்கள் அவர்களைக் கேட்கவில்லை. பதிவுத் திட்டம் வந்தபோது எங்களுக்காக வரிசைக்கு வெளியே நின்றவர்களில் அவர்கள் இருந்தார்கள்.

வைகை தம்பி கேட்ட "வேறு வழி"க்கு, எங்கள் பக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2017 பிப்ரவரி 2 அன்று, தடையை எதிர்த்து நியூயார்க்கின் ஏமனியர்கள் நண்பகலிலிருந்து இரவு எட்டு மணி வரை மளிகைக் கடைகளைச் சாத்தினார்கள். சுமார் ஆயிரம் கடைகள். ப்ரூக்ளின் பரோ மன்றத்துக்கு எதிரே குளிரில் அட்டையை விரித்துத் தொழுதார்கள். நானும் நின்றேன். 2021இல் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்கிய கடனில் மூழ்கி உண்ணாவிரதம் இருந்தார்கள். தெற்காசிய, அரபு ஓட்டுநர்கள் நிறையப் பேர். அவர்களோடு பதினைந்து நாட்கள் பட்டினி கிடந்த இளம் சட்டமன்ற உறுப்பினர் சோரான் மம்தானி. 2025 நவம்பரில் அவர் நியூயார்க் மேயராகத் தேர்வானார். கம்பாலாவில் பிறந்து 2018இல்தான் குடியுரிமை பெற்றவர். பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் அவர் பேசியது வாடகையையும் பஸ் கட்டணத்தையும் குழந்தைக் காப்பகத்தையும்தான். காசாவைப் பற்றிக் கேட்டபோது மழுப்பவில்லை. இரண்டையும் ஒருவரே பேச முடியும் என்பதை எங்கள் ஓட்டுநர்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

---

நிலாமதி எழுதியது:

வர்ஜீனியாவிலும் அதே நாளில் ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி துணை ஆளுநராகத் தேர்வானார். எங்கள் சாவடியில் என் மகளுக்கு முதல் வாக்கு.

ரூஜ் அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். டியர்போர்னில் வாக்குச்சீட்டு அரபியில் கிடைக்கிறதா? அந்த அம்மா எப்படிப் படித்தார்? 2025 நகரத் தேர்தலில் வாக்களித்தாரா?

---

ரூஜ் ஆற்றங்கரை எழுதியது:

கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் மொழிப் பிரிவில் அரபி இல்லை. ஸ்பானிய, ஆசிய, பழங்குடி மொழிகளுக்குத்தான் அதில் இடம். அதனால்தான் ஹாம்ட்ராம்க்கில் வங்காளிச் சீட்டு முன்பே வந்துவிட்டது. டியர்போர்ன் நகரமன்றம் 2022இல் தானாகவே தீர்மானம் போட்டு அரபிச் சீட்டைக் கொண்டுவந்தது.

வாக்களித்தார். மேயர், நகரமன்றம் எல்லாவற்றுக்கும். அஞ்சலில் வந்த சீட்டைச் சமையலறை மேசையில், ஆலிவ் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு விரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்தார். மேயர் வட்டத்தை நிரப்பும்போது பேனாவை அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிடும் என்று பேரன் சொன்னான். உறையில் கையெழுத்துப் போட்டு, ஈரம் காய ஊதி, அவன் கையில் கொடுத்தார். மழை வருவதற்குள் பெட்டியில் போட்டுவிட்டு வா என்றார்.